அருணைச் சீமையில் அயல்நாட்டார் – 11: கற்பிக்க வந்தவர்கள்

திருவண்ணாமலை நகரத்தில் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேளாதவர் இரார். அங்கே படித்து வக்கீல்களாகவும் ஆசிரியர்களாகவும் வியாபாரிகளாகவும் ஆனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலர், கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியைப் பார்த்துக் கைகூப்பாமல் வாயில் நீர் ஊற்றாத குடும்பங்களில் பிறந்தவர்கள். ஆயினும், வடகடலோரத்தில் பனியிலும் காற்றிலும் கிடக்கிற டென்மார்க் என்ற சிறிய தேசத்தின் பெயர், சைவர்கள் அக்கினித் தலமென்று போற்றுகிற இந்த ஊரில் எப்படி வந்து நிலைத்தது என்று கேட்பவர் மிகச் சிலரே. நவாபின் படையும் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் அண்ணாமலையார் கோயில் மதில்களைக் கோட்டையாகக் கொண்டு மாறி மாறிப் பிடித்ததும் இழந்ததுமான சரித்திரத்தைச் சென்ற இதழ்களில் பார்த்தோம். பீரங்கியோடு வந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு, புத்தகத்தோடு வந்தவர்களிடம் இப்போது வருவோம்.

இவர்களைப் பற்றி எழுதும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இவர்களுடைய வயது. மிஷனெரி என்ற உடனே நீண்ட வெண்தாடியும் கறுப்பு அங்கியும் உடைய ஒரு கிழவரின் உருவமே நம் கண்முன் வருகிறது. பழைய மாதா கோயில்களில் மாட்டியிருக்கிற படங்கள் செய்த வேலை அது. உண்மையில், கப்பலை விட்டு இறங்கியபோது இவர்களில் மிகப் பலர் இருபதுகளின் நடுவில் இருந்த வாலிபர்கள். தங்கள் கிராமத்துச் சபையாரிடம் பிரார்த்தனையும் வழிச்செலவும் பெற்றுக்கொண்டு, ஒரு வார்த்தை தமிழ் அறியாமல், தாம் கண்டிராத ஏழைகளுக்கு நன்மை செய்யப் போகிறோம் என்ற உறுதி ஒன்றையே மூலதனமாகக் கொண்டு வந்தவர்கள். 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு அன்று இருபத்து மூன்று வயதினர். மறுநாள்தான் அவருக்கு இருபத்து நான்கு பிறந்தது. டென்மார்க்கு அரசரின் ஆதரவில் வந்த அந்த ஜெர்மானிய இளைஞர் செய்த முதற் காரியம் பிரசங்கமன்று. திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரை அமர்த்தி, சிறு பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அரிச்சுவடி எழுதிப் பழகினார். எட்டாண்டுகளுக்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறத் தொடங்கியது. முப்பத்தாறு வயதில் அவர் தரங்கம்பாடி மண்ணிலேயே அடக்கமானார். இந்தத் தொடரில் இனி வருகிற ஒவ்வொருவரையும் நான் அந்த மணலை வைத்தே அளக்கப் போகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தரங்கம்பாடியை 1845-இல் டென்மார்க்கு அரசாங்கம் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. கோட்டை போயிற்று, ஆனால் தமிழ்நாட்டோடு ஏற்பட்ட பழக்கம் போகவில்லை. கோபன்ஹேகனை அடுத்த ஊரொன்றின் பாதிரியாரான ரோன்னே 1821-இல் தொடங்கியிருந்த டேனிஷ் மிஷனெரிச் சங்கம், வெகுகாலம் தனக்கென்று ஒரு களம் இல்லாமல் இருந்தது. அதற்குக் களம் தேடிக் கொடுத்தவர் டென்மார்க்குக்காரர் அல்லர். கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர். லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சேர்ந்த ஓக்ஸுக்கும் அவருடைய மேலதிகாரிகளுக்கும் ஏற்பட்ட வழக்கு, நம்முடைய சமூக சரித்திரத்தில் இன்னும் பெரிதாக எழுதப்பட வேண்டிய வழக்கு. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் ஜாதி வேற்றுமையைச் சபைக்குள் சகித்துக்கொள்ளலாம், அது மதத்தைச் சேர்ந்ததன்று, தேசாசாரம் என்பது லைப்சிக் தலைவர்களின் கொள்கை. வேளாளக் கிறிஸ்தவர் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர் மறு பக்கமும் உட்கார்ந்து ஒரே வேதத்தைக் கேட்பதில் அவர்கள் குற்றம் காணவில்லை. ஓக்ஸ் கண்டார். சேர்ந்து உட்கார்ந்து உண்ண மறுக்கிறவன் சேர்ந்து ஜெபிக்கிறேன் என்பதில் பொருள் என்ன என்று வாதிட்டு, தீராத வாதத்தின் முடிவில் அந்த மிஷனை விட்டு விலகி, பண்ருட்டிக்குக் கிழக்கே மேல்பட்டாம்பாக்கத்தில் 1861-ஆம் ஆண்டையொட்டிப் பெத்தானியா என்ற பெயரில் ஒரு சிறிய ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். சில ஆண்டுகளில் டேனிஷ் சங்கம் அவரையும் பெத்தானியாவையும் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. ஆக, அருணைச் சீமைக்கு வந்த டேனிஷ் மிஷனின் ஆதி வித்து, ஜாதிக்காகச் சமரசம் செய்துகொள்ள மறுத்த ஒரு மனிதரின் பிடிவாதம் ஆகும். பின்னாளில் அந்த மிஷன் எவ்வளவோ சமரசங்களைச் செய்துகொண்டது உண்டு. ஆனாலும் வித்து அதுதான்.

பெத்தானியாவிலிருந்து பெண்ணையாற்றின் போக்கை எதிர்த்து மேற்கே நடந்தால் திருக்கோவிலூர். அங்கிருந்து வடமேற்கே இன்னும் ஒரு நாள் நடை திருவண்ணாமலை. மிஷனெரிமாரும் அவ்வழியாகவே நகர்ந்தார்கள். திருக்கோவிலூர் நிலையத்துக்குச் சீலோவாம் என்றும் திருவண்ணாமலை நிலையத்துக்குச் சாரோன் என்றும் வேதாகமப் பெயர்களையே சூட்டினார்கள். சாரோன் என்பது இன்று திருவண்ணாமலையில் ஆட்டோக்காரர் அறிந்த ஓர் இடப்பெயர்.

அக்காலத்துக் கிராமங்களைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கோயில் நகரத்தின் மாட வீதிகளில் சத்திரங்களும் மடங்களும் அன்னதானமும் குறைவின்றி நடந்த அதே நாளில், ஊருக்கு வெளியே இரண்டு வயல் தள்ளிக் கிடந்த சேரிகளில், படியாளாகப் பிறந்தவன் தன் தகப்பன் வாங்கிய கடனுக்காக மிராசுதாரின் நிலத்தில் தானியக் கூலிக்கு உழைத்து, அந்தக் கடனையே தன் மகனுக்கும் ஆஸ்தியாக விட்டுச் சென்றான். ஊர்க் கிணறு அவனுக்கில்லை. கோயில் வாசல் அவனுக்கில்லை. பள்ளிக்கூடம் என்ற பேச்சே இல்லை. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் கதை சொன்ன 1876–78 பெரும் பஞ்சம் வந்தபோது முதலில் விழுந்தவர்கள் இவர்களே. பிரெஞ்சுக் கத்தோலிக்க மிஷனைச் சேர்ந்த டாரஸ் சுவாமியார், இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு, அந்தப் பஞ்சத்தின் நடுவிலும் அதன் பின்னரும் கூட்டங்கூட்டமாக வந்த சேரி மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். டேனிஷ்காரர் தயங்கினர், பசியால் வருகிறவனின் விசுவாசத்தைச் சோதிக்க வேண்டும் என்றனர், அதனால் அவர்களுடைய சபை சிறிதாகவே இருந்தது. கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற ஏளனச் சொல் அன்று தொட்டு இன்று வரை வழங்குகிறது. எனக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. பசித்தவனுக்கு யார் கஞ்சி ஊற்றினார், யார் ஊற்றவில்லை என்று அவன் நினைவில் வைத்துக்கொண்டதில் என்ன தவறு? ஏளனம் செய்கிறவர்கள், அந்த மூன்று ஆண்டுகளில் சேரிக்குள் காலெடுத்து வைத்தவர் யார் யார் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

இனி, உலகத்தில் வேறொரு பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பார்ப்போம். 1886-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ராஜ்யத்து மவுண்ட் ஹெர்மன் என்ற இடத்தில் கூடிய கல்லூரி மாணவர்களில் நூறு பேர், தம் வாழ்நாளை அயல்நாட்டு ஊழியத்துக்குக் கொடுப்பதாகக் கையெழுத்திட்டனர். மாணவர் தன்னார்வ இயக்கம் என்று பெயர் பெற்ற அந்தச் சலனம் அமெரிக்காவோடு நிற்காமல் இங்கிலாந்துக்கும் வட ஐரோப்பாவுக்கும் பரவி, ஆயிரக்கணக்கான வாலிபர்களையும், அதற்கு முன் கண்டிராத அளவில் மணமாகாத இளம்பெண்களையும் கப்பலேற்றியது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகப் போனால் வருகிற திண்டிவனத்தில், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், ஓர் இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனையில் இருந்த பெண்களுக்காகப் பெண் வைத்தியரைத் தேடி வந்து வெறுங்கையோடு திரும்பியதையும், மூன்று பெண்களும் இறந்ததையும் கண்டு மருத்துவம் படிக்கத் தீர்மானித்த கதையை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவர் எவரும் கேட்டிருப்பர். டென்மார்க்கிலிருந்து 1889-இல் வந்த லார்ஸ் பீட்டர் லார்சனுக்கு அப்போது இருபத்தேழு வயது. அவரும் மணலில் எழுதிய மரபைச் சேர்ந்தவர். தமிழ்ப் பண்டிதர்களோடு பழகிப் பழகி அவர் பெற்ற புலமை, பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரியின் தலைமைப் பதவிக்குப் பிறகு, தமிழ் வேதாகமத்தைத் திருத்தி மொழிபெயர்க்கும் பெரும்பணியில் வந்து முடிந்தது; 1936-இல் வெளிவந்த அந்தத் திருத்தம் லார்சன் திருப்புதல் என்றே பெயர் பெற்றது. சபையார் பழைய மொழிபெயர்ப்பின் ஓசையை விட மனமில்லாமல் அதை ஒதுக்கினார்கள் என்பது வேறு விஷயம்.

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை வழியாகச் செல்லும் இருப்புப் பாதை 1891-இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு மிஷனெரிமாரின் மாட்டுவண்டிப் பிரயாணம் குறைந்தது. யாத்ரீகர் கூட்டம் பெருகிற்று. இதே பாதையில்தான் 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, மதுரை அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயது வேங்கடராமன், வீட்டாருக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்து, திருக்கோவிலூரில் ரயிலேறித் திருவண்ணாமலையில் இறங்கினார். ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவருடைய கதையை இத்தொடரின் பிற்பகுதியில் பார்ப்போம். மிஷன் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் அருணாசலத்தில் வந்து அமர்ந்தார் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன். வழியில் அவர் ஒரு மாலைப் பொழுதில் சென்று அமர்ந்த அறையணிநல்லூர், திருக்கோவிலூருக்கு எதிர்க்கரையில், பாறையின் மேலிருக்கிற கோயில். திருஞானசம்பந்தர் அங்கே நின்று தொலைவில் அண்ணாமலையைக் கண்டு பாடியதாக ஐதிகம். அந்தத் திருக்கோவிலூரிலேதான் இந்த அத்தியாயத்தின் முக்கியமான மனுஷி வந்து தங்கினார்.

எஸ்தர் ஃபேரிங் 1889-இல் டென்மார்க்கில் பிறந்தவர். முதல் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில், இருபத்தைந்து வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆன நிலையில், டேனிஷ் மிஷனின் ஊழியத்துக்கென்று வந்து திருக்கோவிலூரில் அமர்ந்தார். பெண் குழந்தைகளின் கல்விப்பணி அவர் பொறுப்பில் வந்தது. அவருக்கு முன்பே, 1909-இல், வந்திருந்தவர் ஆனி மரியா பீட்டர்சன் அம்மையார். இவர் டென்மார்க்கின் மக்கள் உயர்பள்ளிகளின் சூழலில் உருவானவர். அப்பள்ளிகள் எத்தகையன என்பதை அறிந்தால்தான் பின்னே நடந்தது விளங்கும். க்ருண்ட்விக் என்ற டேனிஷ் பாதிரியாரின் எண்ணத்தில் பிறந்த அவை, குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சையும் பட்டமும் இன்றி, தாய்மொழியிலேயே, தம் தேசத்துச் சரித்திரத்தையும் பாட்டையும் கைத்தொழிலையும் கற்பித்த பள்ளிகள். அப்படிப்பட்ட சூழலில் வளர்ந்த ஒருவர், தமிழ்நாட்டு மிஷன் பள்ளியில் சேரிச் சிறுமி ஒருத்தி ஆங்கிலேய அரசர்களின் பெயர்களை நெட்டுருப் பண்ணுவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? இந்த நாட்டுப் பெண்களுக்கு இந்த நாட்டு முறையில் ஒரு பள்ளி வேண்டும் என்ற எண்ணம் பீட்டர்சன் அம்மையாருக்கு வேரூன்றியது. இந்தியாவில் வேறு கல்வி முறைகள் எங்கெங்கே நடக்கின்றன என்று பார்த்து வர அவர் பிரயாணம் புறப்பட்டபோது எஸ்தரும் உடன் சென்றார்.

1917 ஜனவரியில் இருவரும் அகமதாபாத் போய்ச் சேர்ந்தார்கள். காந்தியடிகளின் ஆசிரமம் அப்போது சபர்மதிக் கரைக்கு மாறவில்லை. கோச்ரப் கிராமத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி இரண்டாண்டே ஆகியிருந்த அவரைச் சம்பாரன் போராட்டம் இன்னும் புகழுக்குக் கொண்டுவரவில்லை. இரண்டு டேனிஷ் பெண்மணிகள் அங்கே கண்டது என்ன? தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய குடும்பம் ஒன்று ஆசிரமத்தில் மற்றவர்களோடு சரிசமமாக வாழ்வதையும், அதற்காகக் கொடையாளர்கள் பணத்தை நிறுத்திக்கொண்டபோதும் காந்தியடிகள் அசையாததையும் அறிந்தார்கள். ஓக்ஸ் எதற்காகத் தம் மிஷனை விட்டாரோ அந்த நியாயம், சிலுவை அணியாத ஒரு மனிதரின் வீட்டில், அரை நூற்றாண்டு கழித்து, அன்றாடச் சாப்பாட்டுப் பந்தியில் நடந்துகொண்டிருந்தது. திருக்கோவிலூருக்குத் திரும்பிய எஸ்தர் அவருக்குக் கடிதம் எழுதினார், பதில் வந்தது. தகப்பன் மகளுக்கு எழுதுவது போன்ற வாஞ்சையும் கண்டிப்பும் கலந்த அந்தக் கடிதங்கள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. பிற்காலத்தில் நூலாகவும் வந்தன.

மிஷன் தலைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுடைய பயத்தை நாம் நியாயமாகவே எடைபோட வேண்டும். யுத்தம் மூண்டதும் ஆங்கில அரசாங்கம் இந்தியாவிலிருந்த ஜெர்மானிய மிஷனெரிமாரைக் காவலில் வைத்துப் பிறகு கப்பலேற்றி அனுப்பியது. தலைமுறைகளாக அவர்கள் கட்டியெழுப்பிய பள்ளிகளும் சபைகளும் திடீரென்று மேய்ப்பரில்லாமல் நின்றன. டென்மார்க்கு நடுநிலை தேசமேயானாலும், டேனிஷ்காரரும் அரசாங்கத்தின் கண்ணுக்கு அந்நியர்களே. யுத்தத்துக்குப் பிறகோ, பிரிட்டிஷ் அல்லாத மிஷன்கள் அரசாங்கத்துக்கு விசுவாசமாக நடப்பதாக உறுதி கொடுத்தாலன்றி இந்நாட்டில் ஊழியம் செய்ய அனுமதியில்லை என்ற விதியும் வந்தது. ஓர் இளம் ஆசிரியையின் தபால்பையில் காந்தியின் கடிதம் இருப்பது, தாலுகா முழுவதிலுமுள்ள பள்ளிகளின் கதவை மூடிவிடக்கூடும் என்று மூத்தவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் பயத்தைப் புரிந்துகொள்வது வேறு. அதற்குக் கொடுத்த விலையை மன்னிப்பது வேறு. எஸ்தர் மீண்டும் அகமதாபாத் செல்ல விரும்பியபோது சென்னை அரசாங்கம் தடை செய்தது. மிஷனும் அந்த நட்பை விட்டுவிடும்படி வற்புறுத்தியது. ஏழைகளை நேசிக்கவென்று கடல் கடந்து வரச் சொன்ன ஸ்தாபனமே, அந்த ஏழைகள் யாரைத் தம் தலைவரென்று எண்ணத் தொடங்கினார்களோ அவரை நேசிக்கக் கூடாது என்றது. எஸ்தர் சில காலம் பொறுத்திருந்து, பிறகு மிஷனிலிருந்து விலகி, ஆசிரமத்துக்குச் சென்றார். மேனன் என்ற இந்திய மருத்துவரை மணந்து எஸ்தர் மேனன் ஆனார்.

பீட்டர்சன் அம்மையாரும் மிஷனை விட்டு வெளியே வந்தார். அவர் போய் நின்ற இடம் பரங்கிப்பேட்டை. அங்கே அவர் தொடங்கிய சேவா மந்திர் என்ற பெண்கள் பள்ளிக்குக் காந்தியடிகள் 1921 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார். அதே மாதத்தில் சில நாட்கள் கழித்து மதுரையில் அவர் மேலாடையைக் களைந்து அரைத்துண்டோடு நின்றார் என்பதை நினைத்தால், அந்தத் தமிழ்நாட்டுப் பிரயாணத்தின் கனம் தெரியும். ராட்டையும் தமிழும் ஜெபமும் ஒரே கூரையின் கீழ் இருந்த அந்தப் பள்ளியில் இந்துப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும் சேர்ந்து படித்தார்கள். பீட்டர்சன் அம்மையார் 1951-இல் காலமாகும் வரை இந்த நாட்டை விட்டுத் திரும்பிப் போய்க் குடியேறவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த வாழ்க்கையை, ஊழியப் பிரயாணம் என்ற சொல்லுக்குள் அடக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளைக்காரரைப் பற்றியே சொல்லிக்கொண்டு போவது நியாயமாகாது. 1902-ஐ ஒட்டி யாழ்ப்பாணத்துக்குச் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா என்ற திருநெல்வேலி வாலிபர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் தங்கள் ஆட்களையே வெளியிடங்களுக்கு ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டு வெட்கமும் உற்சாகமும் அடைந்து திரும்பினார். மறு ஆண்டே, இருபத்தெட்டு வயதில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். வெளிநாட்டாரிடம் ஒரு காசும் பெறாத அச்சங்கம், நைஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல் பக்கத்துத் தெலுங்குக் கிராமங்களைத் தன் களமாகத் தேர்ந்தது. 1905 கிறிஸ்துமஸ் தினத்தில் ஸ்ரீராம்பூரில் தேசிய மிஷனெரிச் சங்கமும் உருவாயிற்று. பிறரை அனுப்பிக்கொண்டே தாம் ஊரில் இருப்பது முறையல்லவென்று கருதி, அசரியா 1909-இல் தாமே தோர்ணக்கல் சென்று, தெலுங்கைப் புதிதாகக் கற்று, கூரை இல்லாத இடத்தில் கூடாரமடித்து வாழ்ந்தார். மறு ஆண்டு எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் சுமார் ஆயிரத்து இருநூறு பிரதிநிதிகள் இருந்தனர். ஆசியாவிலிருந்து சென்றவர் இருபது பேர் கூட இல்லை. அந்தச் சிலரில் ஒருவராக எழுந்த அசரியா, தியாகங்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு வேண்டுவது நண்பர்கள் என்று கேட்டுச் சபையை ஸ்தம்பிக்கச் செய்தார். எஸ்தர் ஃபேரிங்கின் கதையை அந்த வேண்டுகோளுக்கு ஒரு பதிலாகவே நான் படிக்கிறேன்.

மற்றொரு பதில் ஜவ்வாது மலைக்கு மேற்கே கிடைத்தது. 1911-இல் திருவண்ணாமலை தாலுகா தென்னாற்காட்டிலிருந்து வடஆற்காடு ஜில்லாவுக்கு மாற்றப்பட்டது. திருப்பத்தூரும் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. அந்தத் திருப்பத்தூருக்கு அருகே 1921-இல் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காத்லாந்தில் அல்லோவா என்ற ஊரில் நூல் ஆலைகளால் செல்வம் பெருகிய குடும்பத்தின் பிள்ளை. பிரிட்டனில் நண்பர்களான இவ்விருவரும் திருமணமின்றி, கதருடுத்தி, தரையில் இலை போட்டு உண்டு, ஒரே வீட்டில் சகோதரர்களாக வாழ்ந்தனர். சுற்றுக் கிராமத்தார் ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். துரை என்ற விளியைத் தவிர வேறொன்றையும் வெள்ளையர் கேட்டறியாத காலத்தில், ஒரு கோடீசுவர வீட்டுப் பிள்ளை தமிழர் ஒருவருக்குத் தம்பியாக, சின்னண்ணனாக, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக்காலம் வாழ்ந்ததைக் காட்டிலும் பெரிய பிரசங்கம் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரமத்தின் ஜெபாலயத்தைக் கோபுரமும் மண்டபமுமாகத் திராவிடச் சிற்ப முறையில் கட்டினார்கள். ஆஸ்பத்திரியில் குடியானவர்களுக்கும் சேரியாருக்கும் ஒரே வரிசை.

பேட்டன் தம் தோழமைக்கு உடலாலும் விலை கொடுத்தார். 1932 ஜனவரியில் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடையோடு நின்ற அவர்மேல் போலீசார் சாயநீரைப் பீய்ச்சித் தடியாலும் அடித்தனர். விஷயம் லண்டன் பார்லிமெண்டு வரை போயிற்று. தம்மை அடித்தவர்கள்மேல் அவர் பகைமை பாராட்டவில்லை. திருப்பத்தூருக்குத் திரும்பி வந்து நோயாளிகளைப் பார்த்தார். ஏசுதாசன் 1969-இலும் பேட்டன் 1970-இலும் காலமாயினர்.

இவ்வளவையும் எழுதுவதற்கு நிகழ்காலத்துக் காரணமும் ஒன்று உண்டு. கோடை விடுமுறையில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கிறிஸ்தவ வாலிபர்கள் கிராம ஊழியத்துக்கென்று வேனிலும் பஸ்ஸிலும் புறப்படுவது இப்போது பெருவழக்கு. ஜவ்வாது மலைக்கு மேலே ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களும் அவர்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை. சாமை விதைத்தும் புளியும் தேனும் சேகரித்தும் வாழ்கிற மலையாளி மக்களின் குழந்தைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்திப் பாட்டுக் கற்றுக்கொடுத்து, நோட்டுப் புத்தகமும் பிஸ்கட்டும் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் இறங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஏழைகளை ஒரு தடவையாவது நேரில் பார்த்தவன் பாராதவனைவிட மேலானவனே. ஆனால் ஒரு வாரத்தில் யார் யாருக்குக் கற்பித்தார் என்ற கணக்கைப் போட்டால், மலை மக்களே கற்பித்தவர்கள் என்றுதான் வரும். அந்தப் பாடத்தைக் கேட்க இறங்கிப் போகிறவனுக்கு நேரம் இருப்பதில்லை. தன் சபையார் முன் சாட்சி சொல்லவே நேரம் சரியாயிருக்கிறது. மலைமேல் வாழ்கிறவன் தன் குழந்தையை உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டுவிட்டு ஆண்டெல்லாம் படுகிற கவலை, மழைக்காலத்தில் பிரசவப் பெண்ணைத் தொட்டில் கட்டிச் சுமந்து இறக்குகிற பாடு, மலைக்காட்டில் யாருக்கு என்ன உரிமை என்ற வழக்கு இவையெல்லாம் ஒரு வார விருந்தாளியின் காதில் விழுவதில்லை. விழுந்தாலும் அவன் மறு ஆண்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறான்.

ஆதலால் அந்த வாலிபர்களிடமும் அவர்களை அனுப்பி வைக்கிற சபைப் பெரியோரிடமும் என் விண்ணப்பம் இது: போங்கள், ஆனால் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போங்கள், கொண்டுபோகிற பையைக் குறைத்துக்கொண்டு தங்குகிற நாளைக் கூட்டுங்கள், அந்த ஊரார் தங்கள் கூட்டத்தில் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தங்கள் வழக்கைச் சொல்லும் வரை எதையும் கற்பிக்காதிருங்கள், உங்களில் ஒருவருக்கு அந்த மக்களோடு ஏற்படுகிற நட்பு உங்கள் ஸ்தாபனத்துக்கு அசௌகரியமாக இருந்தாலும் அந்த நட்பைத் தடை செய்யாதிருங்கள்.

டேனிஷ் மிஷன் விதைத்த சபை, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஆற்காடு லுத்தரன் திருச்சபை என்ற பெயரில் இன்று தமிழர்களின் கையில் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் பெண்கள் பள்ளி நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த இதழில், 1949-இல் அருணாசலத்துக்கு வந்து ரமணரைத் தரிசித்து, பின்னர் இம்மலையின் குகைகளில் தங்கிய பிரெஞ்சுத் துறவி ஆன்றி லெ சோவின், அதாவது அபிஷிக்தானந்தரின், சரித்திரத்தைக் காண்போம்.